சனிக்கிழமை ரோபாட் வகுப்பு: பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில், சனிக்கிழமை காலைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு ரோபாட்டிக்ஸின் அடிப்படைகளைச் சொல்லித் தருகிறேன். பேரப்பிள்ளைகளை அழைத்துவரும் ஆயாக்களும் தாத்தாக்களும் வாசலிலேயே கேள்விகளைக் கேட்டுவிடுவார்கள். இப்படி ஒரு வகுப்பைத் தங்கள் ஊரில் தொடங்க விரும்பும் தமிழாசிரியர்களும் எழுதிக் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ரோபாட் என்றால் நம் ஊரில் சிக்னல் விளக்குதானே?

ஆமாம், வகுப்பையே அங்கிருந்துதான் தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்காவில் "அடுத்த ரோபாட்டில் இடப்பக்கம் திரும்பு" என்று வழி சொல்லாதவர் யார்? சாலைச் சந்திப்பில் கைகாட்டி நின்ற காவலரின் இடத்துக்கு விளக்குக் கம்பம் வந்தபோது அதை ரோபாட் போலீஸ்காரர் என்றார்கள். பிறகு போலீஸ்காரர் உதிர்ந்து ரோபாட் மட்டும் நின்றுவிட்டது.

முதல் நாள் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: அந்த விளக்கு உண்மையிலேயே ரோபாட்டா? சிலர் ஆமாம் என்பார்கள், சிலர் இல்லை என்பார்கள். விளக்கு வெறும் கடிகாரக் கணக்கில் மாறினால், எதிரே கார் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. சில சந்திப்புகளில் தாருக்கு அடியில் வயர் சுருள் பதித்திருப்பார்கள். மேலே கார் வந்து நிற்கும்போது அந்தச் சுருளின் மின்பண்பு மாறும், சாலையோரத்தில் விளக்கை இயக்கும் பெட்டி அதை அறிந்து பச்சையைக் கொடுக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் தாங்களே சொல்லும் வரை காத்திருப்பேன். உணர்வது, முடிவெடுப்பது, செய்வது என்று மூன்றும் இருந்தால்தான் ரோபாட் என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று எல்இடி விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தைக் குறைக்கும் 220 ஓம் தடை ஒன்று, இவற்றை இயக்க ஒரு சிறு மின்னணுப் பலகை. அன்றைக்கே மேசை மேல் ஒரு ரோபாட் எரிகிறது.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். இந்தச் சொல்லை உலகுக்குத் தந்தது செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகம். செக் மொழியில் ரோபோட்டா என்றால் கட்டாய உழைப்பு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டிரூரோ கப்பலில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய நம் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். சொல்லின் பொருளைக் கேட்டதும் வகுப்பில் ஓர் அமைதி வரும். அந்த அமைதியை நான் அவசரப்பட்டுக் கலைப்பதில்லை.

தமிழ்ப் பள்ளியில் இது எதற்கு? தமிழைச் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

தமிழைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் நான்காவது, ஐந்தாவது தலைமுறைப் பிள்ளைகள் இவர்கள். "நில்", "போ", "திரும்பு" என்ற ஏவல் வினைகளைப் பாடநூலில் ஓராண்டு படித்தும் மறந்தவர்கள், சக்கர வண்டிக்குக் கட்டளையாகச் சொல்லும்போது மறப்பதில்லை.

நிரல், அதாவது இயந்திரத்துக்கான கட்டளை வரிசை, எழுதுவதற்கு வேண்டிய இலக்கணம் தமிழ் வினைக்குள்ளேயே இருக்கிறது. "சுவர் வந்தால் நில்" என்பதில் நிபந்தனை முழுவதும் அந்த "ஆல்" விகுதியில் அடங்கிவிடுகிறது. "கோடு தெரியும்வரை போ" என்பது ஒரு சுழற்சி, அதாவது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை. "நான்கு முறை திரும்பு" என்பது இன்னொரு சுழற்சி. "வராவிட்டால்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மறுபக்க நிபந்தனையும் தெரிந்துவிட்டது. முதலில் தாளில் தமிழில் எழுதச் சொல்கிறேன். அதன் பிறகுதான் திரையில் கட்டளைக் கட்டங்களை அடுக்கச் சொல்கிறேன். தமிழில் தெளிவாக எழுதிய குழுவின் வண்டி சீக்கிரம் ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

கட்டளை விளையாட்டுக்கு ஆறு வயது போதும். வயர் இணைத்து வண்டி செய்ய ஒன்பது, பத்து வயதாவது ஆகட்டும். எழுத்தில் நிரல் எழுதுவதைப் பன்னிரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். வயதைவிட, தன் முறை வரும்வரை காத்திருக்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறேன்.

கணினியே இல்லை. எப்படித் தொடங்குவது?

கணினி இல்லாத வகுப்புதான் எனக்குப் பிடித்த வகுப்பு. ஒரு பிள்ளை ரோபாட்டாக நிற்கும். மற்றவர்கள் கட்டளை சொல்ல வேண்டும். தாம்பாளத்தில் இருக்கும் வாழைப்பழத்தை எடுத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ரோபாட் தானாக எதையும் யோசிக்கக் கூடாது என்பது ஒரே விதி. ஒருமுறை எல்லாம் சரியாக நடந்து, பழம் ஆயாவின் கைவரை வந்துவிட்டது. ஆயாவும் பிடித்துக்கொண்டார். ரோபாட்டான பையன் மட்டும் பழத்தை விடவேயில்லை. "கொடு" என்றார்கள், "இதோ கொடுத்தேனே" என்று நின்றான். "விரலைத் திற" என்று யாரும் சொல்லவில்லை என்பது பின்வரிசையில் இருந்த எட்டு வயதுப் பெண்ணுக்குத்தான் உறைத்தது. நாம் நினைப்பதை இயந்திரம் செய்யாது, சொன்னதைச் செய்யும் என்பதை அதற்குமேல் விளக்க எனக்குத் தெரியாது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தில் உருவான டாங்க்ஸ் என்ற விளையாட்டில், பிள்ளைகள் அட்டைத் துண்டுகளை வரிசையாக அடுக்கிக் கட்டளை அமைப்பார்கள். அதைக் கைப்பேசியில் படம் எடுத்தால் திரையில் டாங்கி அப்படியே நகரும். கணினி அறை இல்லாத பள்ளிகளை மனத்தில் வைத்துச் செய்தது அது. ஒரு கைப்பேசியை ஒரு குழுவே பகிர்ந்துகொள்ளலாம்.

என்ன கருவி வாங்குவது?

முதலாண்டு நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். நன்கொடைப் பணத்தில் அழகான, விலை உயர்ந்த பெட்டிகள் வாங்கினேன். பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டினார்கள், வண்டி ஓடியது, கைதட்டினோம். எப்படி ஓடியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பெட்டியின் உற்பத்தியும் நின்றது. தொலைந்த பாகத்துக்கு மாற்று கிடைக்கவில்லை.

இப்போது தொடங்குபவர்களுக்கு மைக்ரோபிட் பலகையைச் சொல்கிறேன். 2016இல் பிரிட்டனில் பிபிசி ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க உருவாக்கியது. 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், சாய்வை அறியும் உணரி எல்லாம் அதிலேயே இருக்கின்றன, ஒரு வயர்கூட இணைக்காமல் முதல் பாடத்தை முடிக்கலாம். நிரல் எழுதும் செயலியைக் கணினியில் இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் வேலை நடக்கும். அடுத்த கட்டத்துக்கு ஆர்டுயினோ யூனோ என்ற பலகை. 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்காகவே பிறந்தது ஆர்டுயினோ. அதன் வரைபடம் திறந்தது என்பதால் பலர் செய்து விற்கிறார்கள், உடைந்தால் இன்னொன்று வாங்கலாம்.

இவற்றோடு மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, 65 மில்லிமீட்டர் சக்கரம் இரண்டு, ஒரு மோட்டார் இயக்கிப் பலகை, நான்கு பேட்டரி கொள்ளும் பெட்டி, ஒலியை அனுப்பித் தூரத்தை அளக்கும் ஒலி உணரி ஒன்று. வண்டியின் உடலுக்கு அட்டைப்பெட்டி போதும். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வண்டி என்ற கணக்குக்கு மேல் போகாதீர்கள், நான்காவது பிள்ளை வேடிக்கை மட்டுமே பார்க்கும்.

எனக்கே மின்னணுவியல் தெரியாது. நான் சொல்லித்தர முடியுமா?

முடியும். ஆனால் நாலைந்து விஷயங்களைப் பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். மோட்டாரை நேராகப் பலகையின் முனையில் இணைக்கக் கூடாது. யூனோவின் ஒரு முனை தருவது சுமார் 20 மில்லியாம்பியர், மோட்டாருக்கு வேண்டியது அதைப் போலப் பல மடங்கு. அதற்குத்தான் இயக்கிப் பலகை. மோட்டாருக்குத் தனிப் பேட்டரி வைத்தால், இரண்டு பேட்டரிகளின் மைனஸ் முனைகளையும் ஒன்றாக இணைக்க வேண்டும். பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் "ஓடாத" வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் விட்டுப்போன இந்த ஒரு வயர்தான்.

"நேராகப் போ" என்று சொன்னோம், வண்டி வளைந்து போகிறது. எங்கே தவறு?

எங்கும் தவறில்லை. அன்றைய பாடம் அதுதான். இந்த வகுப்பில் நான் நிறைய நேரம் செலவிடுவதும் இங்கேதான்.

ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் சுற்றா. ஒன்று சற்றே சோம்பல், வண்டி அந்தப் பக்கம் சாயும். பிள்ளைகள் முதலில் சக்கரத்தைக் குறைசொல்வார்கள், பிறகு தரையை, பிறகு ஒருவரையொருவர். அதன் பின்தான் வண்டியைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தில் ஒரு புள்ளி ஒட்டி, பத்து வினாடியில் எத்தனை சுற்று என்று எண்ணச் சொல்வேன். வேகத்தை 0 முதல் 255 வரை ஓர் எண்ணால் சொல்கிறோம் என்பதால், வேகமாக ஓடும் மோட்டாரின் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நேராக்குவார்கள். வெற்றி!

அரை மணி கழித்து அதே வண்டி மறுபடி வளையும். பேட்டரி இறங்கிவிட்டது. காலையில் சரியாக இருந்த எண் இப்போது சரியில்லை. "இப்படி ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டே இருக்கணுமா?" என்று யாராவது அலுத்துப்போய்க் கேட்கும் வரை நான் வாய் திறப்பதில்லை. அந்தக் கேள்வி வந்த பிறகுதான் உணரியைக் கையில் கொடுக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு எண்ணி எண்ணி நடப்பவன் வழி தவறுவான், கண்ணைத் திறந்து பார்த்துப் பார்த்து நடப்பவன் திருத்திக்கொள்வான். உணரி எதற்கு என்று பலகையில் எழுதிப்போட்டால் யாருக்கும் ஏறாது. அரை மணி நேரம் அலைந்தவர்களுக்கு ஒரு வாக்கியம் போதும்.

ஒலி உணரி எப்படி வேலை செய்கிறது? பிள்ளைகளுக்குப் புரியுமா?

வௌவாலைச் சொன்னால் புரியும். உணரியின் ஒரு கண், வினாடிக்கு 40,000 அதிர்வுள்ள, நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும். சுவரில் பட்டுத் திரும்புவதை மறு கண் வாங்கும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறோம். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகும். சுவர் 30 சென்டிமீட்டரில் இருந்தால் ஒலி 60 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது, ஆகும் நேரம் ஆயிரத்தில் ஒன்றே முக்கால் வினாடி. இரண்டால் வகுக்க மறந்த குழுவின் வண்டி, சுவர் இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதாக நம்பிப் போய் மோதும். அப்படி மோதிய பிறகு யாரும் வகுக்க மறப்பதில்லை.

எங்கள் மண்டபத்து மேடையில் கனமான வெல்வெட் திரை இருக்கிறது. வண்டி சுவரைக் கண்டால் நிற்கும், திரையைக் கண்டால் நேராக உள்ளே நுழைந்துவிடும். துணி ஒலியை விழுங்கிவிடுகிறது என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. சாய்வான பலகையும் அப்படித்தான், ஒலியை வேறு பக்கம் தெறிக்கவிடும். கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் வண்டிக்கு வேறொரு சிக்கல். அது அகச்சிவப்பு ஒளியால் தரையைப் பார்க்கிறது, டர்பன் வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்தால் கண் கூசிக் கோட்டை இழந்துவிடும். திரைச்சீலையை இழுத்துவிட்டதும் ஒழுங்காக ஓடும்.

பிள்ளை திணறும்போது நான் உதவலாமா?

அருமை அப்பாக்களே, அண்ணாக்களே, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு நிமிடத்தில் மாட்டிவிடும் வயரைப் பிள்ளை இருபது நிமிடம் தேடும். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் வகுப்பு நடத்துகிறேன்.

தேடுவதற்கு ஒரு முறை கற்றுத் தருகிறேன். முதலில் மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டரால் பார். பிறகு ஒவ்வொரு வயரையும் விரலால் தொட்டுக்கொண்டே போ. கடைசியில்தான் நிரலைச் சந்தேகப்படு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நோட்டில் மூன்று பத்திகள்: நினைத்தது, நடந்தது, மாற்றியது. உதவ விரும்பினால் "நீ என்ன நடக்கும் என்று நினைத்தாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

இதில் கணக்கு எங்கே வருகிறது?

சக்கரத்தில் வருகிறது. 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 204 மில்லிமீட்டர் போகும். ஒரு மீட்டர் போக ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவு. பை என்ற எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு எதற்கென்று தெரியாமல் இருந்த பிள்ளைகள் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அளப்பதைப் பார்க்க வேண்டும்.

கோணத்துக்குக் கோலம் இருக்கிறது. சதுரம் போட வண்டி ஒவ்வொரு மூலையிலும் 90 டிகிரி திரும்ப வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். முக்கோணத்துக்கு எல்லாருமே 60 என்பார்கள். வண்டி முக்கோணம் போடாமல் அறுகோணத்தின் பாதியில் எங்கோ போய்க்கொண்டிருக்கும். வண்டியின் இடத்தில் நீயே நடந்து பார் என்று சொன்னால், திரும்ப வேண்டியது 120 என்று உடம்பு கண்டுபிடித்துவிடும். ஒரு சுற்று வந்து புறப்பட்ட திசைக்கே திரும்ப மொத்தம் 360.

தரையில் ஊரும் 'ஆமை' என்ற சிறு ரோபாட்டை வைத்து இப்படிக் கணக்குச் சொல்லித்தரும் வழியை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் சீமோர் பாப்பர்ட். 1967இல் லோகோ என்ற பிள்ளைகளுக்கான நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். 1928இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர், நம் நாட்டுக்காரர். இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறும். கோலத்துக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் கணினியியலில் ஆராய்ந்தார்கள். வண்டியின் வயிற்றில் பேனா கட்டி எளிய சிக்குக் கோலம் ஒன்றைப் போடவைத்தோம். புறப்பட்ட புள்ளிக்கே கோடு வந்து சேர வேண்டும். மூன்று விரற்கடை விலகிப்போயிற்று. அருகில் நின்ற ஓர் ஆயா அந்த இடைவெளியைக் காட்டி, "எந்த வளைவிலே தப்பினது?" என்று கேட்டு, தானே கண்டுபிடித்தும் சொன்னார். அன்றிலிருந்து கோல வகுப்புக்கு அவர்தான் ஆசிரியர்.

லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வந்தால்?

2023இல் மிகவும் பட்டோம். 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் நிம்மதி. ஆனாலும் பேட்டரிகளை முந்தின நாளே ஏற்றிவைக்கிறோம், நிரல்களை மடிக்கணினியில் சேமித்துவைக்கிறோம். கரன்ட் போன நாள் வாழைப்பழ விளையாட்டு. தெருவில் ரோபாட் அணைந்தால் ஓட்டுநர்கள் நான்கு பக்கமும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போகிறார்களே, அந்த விதியைப் பிள்ளைகள் நிரலாக எழுதுவார்கள்.

ஆபத்து இல்லையா?

கவனமாக இருந்தால் இல்லை. சுவர் மின்சாரத்தை எந்தத் திட்டத்திலும் தொடுவதில்லை. திரும்ப ஏற்றக்கூடிய சாதாரண 1.2 வோல்ட் பேட்டரிகளே போதும், பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் பேட்டரிகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், முனைகள் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கும். நான் மிகவும் அஞ்சுவது காசு வடிவப் பொத்தான் பேட்டரியைத்தான். வீட்டில் தவழும் தம்பி விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எங்கள் வகுப்பில் அந்தப் பேட்டரி கிடையவே கிடையாது. பற்றவைப்பு (சால்டரிங்) வேலை பதின்மூன்று வயதுக்கு மேல், பக்கத்தில் பெரியவர் இருக்க, ஜன்னல் திறந்து.

பெண் பிள்ளைகள் ஆர்வம் காட்டுவார்களா?

காட்டுகிறார்கள். ஆனால் விட்டுவிட்டால் பையன்கள் வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் கையில் நோட்டு வந்துவிடும். அதனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறேன். வயர், நிரல், நோட்டு என்று கைமாற வேண்டும். விதிவிலக்கு இல்லை.

பள்ளியிலேயே இது பாடமாக வருகிறதாமே?

நிரலாக்கமும் ரோபாட்டிக்ஸும் கொண்ட பாடத்திட்ட வரைவைக் கல்வித் துறை 2021 மார்ச்சில் வெளியிட்டது, முதல் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் முதல் ஒன்பதாம் கிரேடு வரை. வரவேற்கிறேன். ஆனால் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் ஆசிரியருக்குக் கருவியும் பயிற்சியும் சேர்ந்து போக வேண்டும். அதுவரை மண்டபங்கள் கைகொடுக்கட்டும்.

போட்டிகளுக்கு அனுப்பலாமா?

உலக ரோபாட் ஒலிம்பியாட், ஃபர்ஸ்ட் லெகோ லீக் இரண்டுமே இங்கு நடக்கின்றன. இரண்டாம் ஆண்டில் அனுப்புங்கள். முதலாண்டில் அனுப்பினால் பெரியவர்கள் வண்டியைச் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

ஓராண்டு முடிவில் என்ன செய்யத் தெரிந்திருக்கும்?

எங்கள் பிள்ளைகள் செய்ததைச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளம் யாருக்கும் மறக்காது. டோங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகிப் பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அங்கே உறவினர் உள்ள ஒரு பெண், வீட்டு ஜோஜோ தொட்டியில் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கத் தாத்தா ஏணியில் ஏறுகிறார், அது எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். ஒலி உணரியைத் தொட்டியின் மூடிக்கு உட்புறம் கீழ்நோக்கிப் பொருத்தி, நீர்மட்டத்துக்கு உள்ள தூரத்தை அளந்து, சமையலறையில் மூன்று விளக்குகளில் காட்டினார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. முதல் நாள் செய்த அதே ரோபாட்.

இரண்டாவது வாரம் எண்கள் தாறுமாறாக வந்தன. தொட்டிக்குள் ஆவி படிந்து உணரியின் கண்ணில் துளி நின்றது. அவள் நோட்டில் "நினைத்தது: வயர் கழன்றது. நடந்தது: கண்ணில் தண்ணீர்" என்று தமிழில் எழுதியிருந்தாள். மூடி போட்ட, நீர் புகாத உணரியை வாங்கி மாற்றினோம். மூன்றாவது பத்தியை அவள் இன்னும் நிரப்பவில்லை. ஒரு மாதம் சரியாக ஓடட்டும், பிறகு எழுதுகிறேன் என்கிறாள்.